ஆட்டுவிப்போர்

ஆட வல்லாரெல்லாம் ஆட்டுவிக்க வல்லாரல்லர். ஆட இயலாதாருள்ளும் ஆட்டுவிக்க வல்லார் உளர். அவருள் ஒருவர் எம்மா ஹேய்ஸ் அம்மையார்.

1976 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிற் பிறந்த இவர், ஆர்சனல் கழகத்தில் இளமையிலேயே கால்பந்து பயின்றார். 17 ஆம் வயதிற் பனிச்சறுக்கு விளையாட்டிற் கணுக்கால் ஊறுபட்டமையால் ஆட்டக்காரியாகும் எண்ணம் கைகூடாதொழிந்தது. பயிற்றாசிரியராகலாமெனின், அந்நாளில் இங்கிலாந்திற் பெண்பாலார்க்கு அவ்வழியும் அரிதே. அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் 1921 இல் தன் கழகங்களின் மைதானங்களில் மகளிர் ஆட்டத்தை விலக்கி, ஏறக்குறைய 50 ஆண்டு அவ்விலக்கை நிலைநிறுத்திய நாடன்றோ அது! ஆகவே 2001 இல் அமெரிக்கா சென்றார். 25 வயதளவில் லாங் ஐலண்டு மகளிர் குழுவின் தலைமைப் பயிற்சி அவர் கைக்கு வந்தது.

2010 இற் சிகாகோ நகரக் குழு அவரைப் பதவியினின்று நீக்கிற்று. அவர் தளர்ந்திலர். 2012 முதல் 2024 வரை செல்சீ மகளிர் குழுவை நடத்தி, எஃப். ஏ. கோப்பையை ஐந்து முறை வென்றளித்தார். 2024 ஆகஸ்டு 10 இற் பாரிஸ் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் அமெரிக்க மகளிர் பிரேசிலை 1-0 என வென்று பொற்பதக்கம் பெற்றபொழுது, அவர்தம் பயிற்றாசிரியர் இவரே. பணி தொடங்கி மூன்று திங்களும் நிரம்பவில்லை.

முழங்கால் நோயால் இவ்வாண்டு நம் கலாசாலைக் குழுவினின்று நின்றவள் யான். இனி ஓடலாகாதென்பது மருத்துவர் கட்டளை. புதிய மாணவியரைப் பழக்குவாயோ என்று உடற்பயிற்சி ஆசிரியை வினவினார். இசைந்தேன். களத்திற் பதினொருவர்க்கே இடமுண்டு. அவரை உருவாக்குவோர்க்கு எல்லைக்கோட்டின் புறத்தே இடம் எஞ்சியுள்ளது. நாளை மாலை யான் அங்கே நிற்பேன்.