வாள் சொல்வதும் நாம் சொல்வதும்

பிள்ளைகளே, பழைய போர்வாள் சேகரிக்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள். அடுத்து, எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் நான் உடனே பதில் சொல்வதில்லை. ஒரு வாளை எடுத்து அவர்கள் மடியில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வேன். பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. அந்த வயதில் நானும் அப்படித்தான் எழுந்தேன். எழுந்ததற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

1972-இல் எனக்கு இருபத்தைந்து வயது. அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூர் மார்க்கெட். சென்னை சென்ட்ரலுக்கு அருகில் செக்கச்செவேலென்று நின்ற அந்தக் கட்டடம் 1985 மே மாதத் தீயில் போய்விட்டது. உங்களில் பலர் அதைப் படத்தில்தான் பார்த்திருப்பீர்கள். ஒரு நாள், பழைய விளக்குகளும் உடைந்த கிராமபோனும் கிடந்த குவியலுக்கு அடியிலிருந்து கடைக்காரர் ஒரு வாளை உருவி எடுத்தார். விக்டோரியா ராணி காலத்துக் காலாட்படை அதிகாரியின் வாள். பித்தளைக் காப்பு, திருக்கை மீன் தோல் போர்த்து முறுக்குக் கம்பி சுற்றிய கைப்பிடி, கறுத்துத் துருவேறிய அலகு. நூற்றுச் சொச்ச ரூபாய்க்குப் பேசி முடித்து, சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

வந்ததும் செய்த காரியம்தான் இன்றுவரை என்னைச் சுடுகிறது. காப்பை அம்மாவிடம் காட்டினேன். பூஜைப் பாத்திரம் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தார். அந்த ஓரங்களில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய பொன்முலாம் அன்றோடு போயிற்று. அம்மாவின் மேல் பிழையில்லை, கேட்டது நான். மறுநாள் அலகைப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். முதலில் உப்புத்தாள், பிறகு எமரி வீல், கடைசியில் பஃப். சாயங்காலம் அது கண்ணாடிபோல் மின்னியது. தோழர்கள் கூடிநின்று மெச்சினார்கள்.

அலகின் இரு பக்கத்திலும் கொடிபோலப் படர்ந்த மங்கலான வேலைப்பாடு இருந்தது. நடுவில் ராணியின் முத்திரை எழுத்துகளும், அவற்றுக்குக் கீழே இன்னும் மங்கலாக மூன்று எழுத்துகளும் இருந்தன. முதுகில், காப்பை ஒட்டி, ஐந்து இலக்க எண் ஒன்று லேசாகக் குத்தியிருந்தது. எல்லாவற்றையும் நான் அழுக்கு என்றே நினைத்தேன்.

பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்: லண்டன் வில்கின்சன் நிறுவனம் 1850-களிலிருந்து அதிகாரிகளுக்குச் செய்துகொடுத்த வாள்களின் முதுகில் வரிசை எண் குத்தியது, எண்ணுக்கு எதிரே நாளையும் வாங்கியவர் பெயரையும் பேரேட்டில் எழுதிவைத்தது. அந்த எண் இருந்தால், நூற்றைம்பது ஆண்டுக்கு முன் அந்த வாளை இடுப்பில் கட்டியவன் யார், எந்தப் படைப்பிரிவு, எங்கே போனான், எங்கே செத்தான் என்று தேடிக் கண்டுபிடிக்க வழி உண்டு. வாளுக்கு உரியவனின் பெயரெழுத்துகளும் முகவரியும் அந்த அலகில் இருந்தன. ஒரே பகலில் இரண்டையும் அழித்தேன். துரு செய்யாததை என் கை செய்தது.

ஆகவே, பிள்ளைகளே, கையில் வந்த பழைய இரும்பை ஓராண்டு ஒன்றும் செய்யாதீர்கள். சிவந்து பொடியும் துரு நோய். அதை நாள் கணக்கில் எண்ணெயில் ஊறவைத்து மெல்லிய துணியால் துடைக்கலாம். கறுத்துப் படிந்த நிறம் வாளின் வயது; அதைத் தொடக்கூடாது. வெறுங்கையால் அலகைப் பிடித்தால் வியர்வையின் உப்பே விரல்ரேகையைத் துருவாக எழுதிவிடும். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டாமா?

இரண்டாவது அடி வேறு விதமாக விழுந்தது. அப்போது ஃபோர்மேனாகிவிட்டேன், கையில் காசு இருந்தது, தெரியும் என்ற நினைப்பும் இருந்தது. தென்மாவட்டத்து வியாபாரி ஒருவர் நேரான, ஒடுங்கிய வாள் ஒன்றைக் காட்டி, கட்டபொம்மனோடு நடந்த சண்டையில் வெள்ளைக்காரத் தளபதி வைத்திருந்தது என்றார். எந்த வீட்டில் இருந்தது, எந்தக் கிணற்றில் கிடைத்தது என்று அவர் சொன்ன கதையைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். எஃகுக் காப்பில் கிரீடமும் எழுத்துகளும் வெட்டியிருந்ததைப் பார்த்தேன், படிக்கவில்லை. பின்னாளில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அது ஐந்தாம் ஜார்ஜ் அரசரின் முத்திரை. அவர் பட்டத்துக்கு வந்தது 1910-இல். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799-இல். வாள் தன் வயதைத் தானே நெற்றியில் எழுதிக்கொண்டு என் முன்னால் நின்றது. நான் வியாபாரியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாளை மூன்றில் ஒரு பங்கு விலைக்கு விற்றேன். வாங்க வந்தவரிடம் பழைய கதையையே சொல்லியிருந்தால் போட்ட பணம் வந்திருக்கும். 1897-ஆம் ஆண்டு மாதிரி, ஐந்தாம் ஜார்ஜ் காலம் என்று ரசீதில் என் கையால் எழுதிக் கொடுத்தேன். அன்று நொந்தது, பின்னர் ஒரு நாளும் நோகவில்லை. ஏமாந்தவன் பொய்யைக் கைமாற்றிவிட்டால் இரண்டாவது வியாபாரி ஆகிவிடுகிறான்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஒன்றுமே வாங்கவில்லை. கோட்டை அருங்காட்சியகத்துக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழும்பூரில் தஞ்சை அரண்மனை ஆயுதச்சாலையிலிருந்து வந்தவை இருக்கின்றன. பார்த்திராவிட்டால் போய்ப் பாருங்கள். கண் பழகிய பிறகு கைக்கும் புரியத் தொடங்கியது. பழைய குதிரைப்படை வாளின் முதுகு காப்பருகே எட்டு ஒன்பது மில்லிமீட்டர் கனமாக இருக்கும். நுனிக்குப் போகப் போக இரண்டு மில்லிமீட்டராகச் சன்னமாகும். அந்தச் சரிவினால்தான் தூக்கும்போது கனமும் வீசும்போது இலகுவுமாக இருக்கிறது. இன்று அலங்காரத்துக்குச் செய்கிற மலிவான பிரதிகளில் பெரும்பாலும் முதுகு முழுக்க ஒரே கனம். கையில் கடப்பாரையாகக் கிடக்கும். கைப்பிடியின் தலையில், அலகிலிருந்து நீளும் தண்டை ரிவிட் அடித்த இடத்தையும் பாருங்கள். பழைய ரிவிட் சுற்றுப்புறத்தோடு சேர்ந்து கறுத்திருக்கும். அங்கே புதுச் சுத்தியலின் வெளிச்சம் தெரிந்தால், ஒரு வாளின் அலகும் இன்னொன்றின் பிடியும் சேர்ந்திருக்கலாம்.

சட்டத்தையும் படித்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. விற்கிறவருக்கு உரிமம் வேண்டும். ஆயுதச் சட்டமும் தனியாக உண்டு. எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நேரான பதில் இல்லாத பொருளை, எவ்வளவு அழகாயிருந்தாலும், அதன் இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நான் அதிகம் காத்திருந்தது ராணிப்பேட்டைப் பக்கத்து வீடு ஒன்றில். அங்கே ஒரு பாட்டியிடம் ஆயுதபூஜைக்கு மட்டும் வெளியே வரும் வளைந்த வாள் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். பார்த்ததும் தெரிந்தது. 1796-ஆம் ஆண்டு மாதிரி, பிரிட்டிஷ் இலகு குதிரைப்படை வாள். ஃபிளாண்டர்ஸ் போரில் தங்கள் வாள்களின் குறையைக் கண்டு மனம் பொறாத லெ மார்ச்சந்த் என்ற குதிரைப்படை அதிகாரி, பர்மிங்காம் வாள்கொல்லர் ஆஸ்பார்னோடு சேர்ந்து உருவாக்கிய வடிவம். அந்த அதிகாரி 1812-இல் சலமாங்காப் போரில் மாண்டார்.

“விக்கிறதுக்கில்ல தம்பி, காப்பித் தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றார் பாட்டி. குடித்துவிட்டு வந்தேன். மறு வருடமும் போனேன். பதினோரு ஆயுதபூஜை போனேன். ஒரு கட்டத்தில் வாளுக்காகப் போகிறேனா பாட்டிக்காகப் போகிறேனா என்பது எனக்கே தெரியவில்லை. பன்னிரண்டாவது முறை அவரே உள்ளேயிருந்து எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். “எங்க வூட்டுப் பெரியவரு வேலூர்க் கலகத்துல வெள்ளைக்காரன்கிட்டேயிருந்து புடுங்கினது. எம் பசங்களுக்கு இது இரும்பு. நீ வச்சிக்கோ” என்றார். விலை பேச அவர் விடவில்லை. நான் வைத்துவிட்டு வந்ததை மறுக்கவும் இல்லை.

வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் வெள்ளைக்காரருக்கு எதிராக எழுந்த அந்தக் கலகம் நடந்தது 1806 ஜூலை 10. செய்தி கேட்டு ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி 19-ஆவது லைட் டிராகூன் குதிரைகளோடு பாய்ந்து வந்தார். அன்று கோட்டைக்குள் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் வெட்டுண்டும் சுடப்பட்டும் இறந்தார்கள். அந்தக் குதிரைப்படைக்குரிய விதிமுறை வாள் இதே வடிவம்தான். ஊர் பொருந்துகிறது, காலம் பொருந்துகிறது. நம்பிவிட என் நெஞ்சு எப்படித் துடித்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது.

ஆனால் அலகு என்ன சொல்கிறது? முதுகில் ஆஸ்பார்ன் என்ற பெயர். பக்கத்தில் ஒரு கிரீடமும் அதன் கீழ் எண்ணும். அது சோதனை அதிகாரியின் குறி. நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெட்டு வாயில் மூன்று பற்கள் ஒடிந்திருக்கின்றன. எதன்மேல் விழுந்து ஒடிந்தன என்று அது சொல்லவில்லை. வேலூர் என்று எங்கும் சொல்லவில்லை.

ஒரு அட்டையில் இரண்டு பத்தி எழுதி வாளோடு வைத்தேன். முதல் பத்தியில் வாள் சொல்வது. இரண்டாவதில் பாட்டி சொன்னது, அவர் சொன்ன சொல்லிலேயே, நாளோடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். எனக்குப் பின் இதைக் கையில் எடுக்கிறவர் அந்தக் கோட்டைத் தாண்ட ஆதாரம் கண்டால் தாண்டட்டும். ஒடிந்த பற்களை அரம் போட்டுச் சமன்செய்யவும் நான் சம்மதிக்கவில்லை.

கொடுக்கும்போது பாட்டி கேட்டது ஒன்றே ஒன்று: வருஷத்துக்கு ஒரு நாள் சந்தனம் வைக்க வேண்டும். வைக்கிறேன். அலகில் வைத்தால் ஈரம் இரும்பைத் தின்னும் என்பதால் உறையின்மேல் ஒரு பொட்டு. விளக்கணைக்கும் முன் துடைத்து எண்ணெய் தடவிவிடுகிறேன்.