நாறும் தேறல்

தமிழில் இழிந்துபோன சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டால் 'நாற்றம்' அதில் முதல் வரிசையில் நிற்கும். மொட்டுக்குள் அடங்கியிருக்கும் மணத்தைச் சொல்ல வள்ளுவர் எடுத்தாண்டது இந்தச் சொல்லைத்தான். திருமாலின் வாய் எப்படி மணக்கும் என்று ஆண்டாள் வெண்சங்கிடம் விசாரிப்பதும் 'நாறுதல்' என்ற வினையைக் கொண்டுதான். எங்கள் வகுப்பில் அந்தப் பாசுரத்தை நடத்தும்போது பின்வரிசையில் சிரிப்பொலி எழாத ஆண்டே இல்லை. மணத்தைக் குறித்த சொல் தீநாற்றத்தை மட்டும் குறிப்பதாக எப்படிச் சரிந்தது என்பதற்கு இலக்கணத்தில் 'இழிபு' என்று ஒரு விடை உண்டு. அந்த விடை போதாது என்று எங்களுக்குத் தோன்றியது ஜமைக்கா நாட்டு ரம்மை முகர்ந்து பார்த்த பிறகுதான்.

நாற்றத்துக்கு மேலைநாட்டில் ஒரு உடன்பிறப்பு உண்டு. பல நாள் தொங்கவிட்ட வேட்டை இறைச்சியின் முற்றிய சுவையைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஓ கூ', அதாவது உயர்ந்த சுவை, என்றார்கள். ஆங்கிலேயர் வாயில் அது 'ஹோகோ' ஆகி, சுவையையும் குறித்து, துர்நாற்றத்தையும் குறித்தது. கரும்புச் சாராயத்தின் காட்டமான வாடைக்கும் அப்பெயரே ஒட்டிக்கொண்டது. அந்த வாடையை எப்படி நீக்குவது என்று ஒரு காலத்தில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இன்று ரம் ரசிகர்கள் அதையே தேடிப் போய்ப் பணம் கொடுக்கிறார்கள். 'ஃபங்க்' என்பது அதன் இப்போதைய செல்லப்பெயர்.

இந்த வாடை தற்செயலாக வருவதில்லை. இலேசான ரம்முக்கு மொலாசஸ் என்னும் கழிவுப்பாகு ஓரிரு நாளில் நொதித்து முடிந்துவிடும். ஜமைக்காவின் ட்ரெலானி வட்டாரத்தில் 1753 முதல் இருந்துவரும் ஹாம்ப்டன் பண்ணையிலோ அது மரத்தொட்டிகளில் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று கிடக்கும். ஈஸ்ட்டைத் தனியாகச் சேர்ப்பதில்லை. காற்றிலும் மரத்திலும் குடியிருப்பது தானே வந்து வேலை செய்யும். முந்தைய வடிப்பில் கலத்தின் அடியில் மிஞ்சும் புளித்த நீர் 'டண்டர்'. அதைக் கரும்புச் சக்கை முதலியவற்றோடு குழியில் விட்டு மட்கச் செய்த சேறு 'மக்'. ஊறலுக்குக் காரம் ஏற்றுபவை இவைதாம். (செத்த விலங்குகளையும் அந்தக் குழியில் எறிவார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. கள்ளச்சாராய ஊறலில் பல்லி கிடந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது புதிதல்ல!)

அந்தக் குழியில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலங்களுள் ப்யூட்ரிக் அமிலம் ஒன்று. கெட்டுப்போன வெண்ணெயின் வாடை அதனுடையது. வாந்தியின் வாடையும் அதனுடையதே. அதே அமிலம் ஆல்கஹாலோடு கூடி எஸ்டராக மாறியதும் அன்னாசிப்பழமாய் மணக்கிறது! 100 லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு எஸ்டர் எத்தனை கிராம் என்று கணக்கிட்டு ஒவ்வொரு வகைக்கும் குறியெழுத்து இடுகிறார்கள். ஹாம்ப்டனில் 'ஓ.டபிள்யூ.எச்.' என்றால் 40 முதல் 80 கிராம். 'எல்.ஆர்.ஓ.கே.' 200 முதல் 400. உச்சியில் இருக்கும் 'டி.ஓ.கே.' 1500 முதல் 1600. அதற்கு மேல் போகச் சட்டம் இடம் தருவதில்லை.

நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு சீசாக்களை நாங்கள் நால்வர் கூடிச் சுவைத்தோம். ஒன்று ரே அண்ட் நெஃப்யூ, 63 விழுக்காடு. மற்றது ஸ்மித் அண்ட் க்ராஸ், 57 விழுக்காடு. இவ்வளவு வலுவுள்ள மதுவில் மூக்கை நுழைப்பது அடுப்புக்குள் நுழைப்பதற்குச் சமம். கோப்பையை மோவாய்க்கு அருகில் பிடித்து, வாயைச் சற்றே திறந்தபடி முகர வேண்டும். முதலில் எழுந்தவை நகப்பூச்சும் வார்னிஷும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட விட, தோல் கறுத்த பூவன் வாழை வந்தது. அறுத்து ஒரு நாளான பலா வந்தது. உப்புநீரில் ஊறிய மாவடு வந்தது. ஸ்மித் அண்ட் க்ராஸில் இவற்றுக்கும் அடியில், வெல்லம் காய்ச்சும் கொப்பரையின் தீய்ந்த விளிம்பு. 'குப்பைத்தொட்டி' என்று சொல்லிக் கோப்பையைக் கீழே வைத்த நண்பர், கால்மணி நேரம் கழித்து அதே கோப்பையை, காலியான பிறகும், முகர்ந்துகொண்டிருந்தார். நாள்பட்ட தேறலுக்குத் தேளின் கடுப்பை உவமை சொன்ன ஔவையார் இதற்கு என்ன சொல்லியிருப்பாரோ!

தனியாகக் குடிப்பதைவிடக் கலப்பதில்தான் இதன் குணம் முழுதாய்த் தெரிகிறது. 45 மில்லி இலேசான வெள்ளை ரம், 15 மில்லி ஸ்மித் அண்ட் க்ராஸ், எலுமிச்சைச் சாறு 20, சர்க்கரைப் பாகு 20. பனிக்கட்டியோடு குலுக்கி வடித்தால் டைக்கிரி. அந்தப் 15 மில்லி இல்லையேல் அது போதையேற்றிய எலுமிச்சைச் சாறு. 60 மில்லியும் அதுவே என்றால் மற்ற எதுவும் வாய் திறக்க முடியாது. நம் வீட்டுப் பெருங்காயத்துக்கு உள்ள நியாயமே இதற்கும். கட்டியாக முகர்ந்தவன் முகம் சுளிப்பான். சாம்பாரில் அது விடுபட்டால் அவனே இலையிலிருந்து தலை நிமிர்ந்து கேட்பான். ஜமைக்காவில் இத்தனை அளவுக்கணக்கு பார்ப்பதில்லை. கிரேப்ஃப்ரூட் பழச்சுவையுள்ள 'டிங்' என்ற சோடாவை ரே அண்ட் நெஃப்யூவில் ஊற்றிக் குடிக்கிறார்கள். சளி பிடித்தால் அதே ரம்மை உடம்பில் தேய்த்துக்கொள்கிறார்கள். வீடு கட்டத் தொடங்கும்போது மண்ணில் தெளிக்கிறார்கள்.

வரலாற்றிலும் இது கலப்பதற்கென்றே பிறந்த சரக்கு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனி இறக்குமதித் தீர்வையை உயர்த்தியபோது, குறைந்த அளவில் நிறைந்த மணம் தரும் ரம்முக்குத் தேவை பெருகியது. அதை நடுநிலைச் சாராயத்தில் சிறிதளவு கலந்து அங்கே விற்றார்கள். 'ரும் ஃபெர்ஷ்னிட்' எனப்படும் அந்தக் கலவையில், ஆல்கஹாலில் 5 விழுக்காடு உண்மையான ரம்மிலிருந்து வந்தால் போதும். 1944இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் 'ட்ரேடர் விக்' மை தாயைக் கலந்தபோது அவர் ஊற்றியது 17 ஆண்டுகள் முதிர்ந்த ரே அண்ட் நெஃப்யூ. இருப்புத் தீர்ந்ததும் அந்தச் சுவையைத் திரும்பப் பெற ஜமைக்கா ரம்மோடு மார்ட்டினிக் ரம்மைக் கலக்க வேண்டியிருந்தது.

ஆக, நாற்றமா நறுமணமா என்பது பொருளில் மட்டும் இல்லை; அளவிலும், உடன் சேர்வதிலும், முகர்பவர் நிற்கும் இடத்திலும் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் எங்களை உறுத்துகிறது. 'டி.ஓ.கே.' என்ற குறியில் டெர்மட் ஓவன் கெல்லி-லாசன் என்பவரின் பெயர் ஒளிந்திருக்கிறது. ஜமைக்காவின் தோட்டங்களில் கரும்பு வெட்டி, ஊறலையும் வடிகலத்தையும் காத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அடிமைகள். 1838இல்தான் அவர்களுக்கு முழு விடுதலை கிடைத்தது. அவர்களில் ஒருவருக்கும் ஒரு குறியெழுத்து இல்லை. நாறும் வேலையைச் செய்கிறவரை அந்த நாற்றத்தோடு சேர்த்தே தள்ளிவைப்பதும், விளைந்த மணத்தை மட்டும் நடுவீட்டுக்கு எடுத்துக்கொள்வதும் உலக வழக்கம். நம் ஊருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல் இழிந்தது இலக்கணத்தால் மட்டும் அன்று என்று எங்களுக்குத் தோன்றுவதும் இதனால்தான்.

நெடுங்காலம் பிறர் சரக்கோடு கலக்கப்பட்டு ஊர்பேர் தெரியாமல் போய்க்கொண்டிருந்த ஹாம்ப்டன் ரம், 2018இல் தன் பண்ணையிலேயே முதிர்ந்து தன் பெயரோடு வெளிவந்தது. எஸ்டர் எத்தனை கிராம் என்பதைக்கூடச் சில சீசாக்களில் அச்சிடுகிறார்கள். குழியருகே நின்றவர்களின் பெயர்களுக்கும் அந்தத் தாளில் இடம் இருக்கிறது.