காளிகாட்டில் ஒரு சிவப்புத் தரை

"பழைய மாதிரி தரை போட இன்னிக்கு ஆளே கிடையாதாம். ஜன்னல் பலகையும் யாரும் செய்யறதில்லையாம். எல்லாத்தையும் எடுத்துட்டு டைல்ஸும் அலுமினியமும் போட்டுடலாம்னு காண்ட்ராக்டர் சொல்றான்டா" என்று சித்தி போனில் சொன்னாள். சொன்ன குரலில் சுரத்தே இல்லை. எனக்கும் மனசு ஒப்பவில்லை. சின்ன வயதில் கோடை விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் நான் வெறும் உடம்போடு படுத்துத் தூங்கிய தரை அது. ஒரு வாரம் கழித்து வேறு வேலையாகக் கொல்கத்தா போனபோது, ஒரு நாள் கூடுதலாகத் தங்கி நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நவம்பர் கடைசி. காலை ஏழே முக்காலுக்குக் காளிகாட் மெட்ரோ நிலையத்தைவிட்டு மேலே ஏறி வந்தால் ராஷ்பிஹாரி நாற்சந்தி. கிழக்கே பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்தால் லேக் மார்க்கெட். வாழையிலையும் கறிவேப்பிலையும் வாங்க நம் ஊர்க்காரர்கள் பல தலைமுறையாகப் போகிற இடம். சித்தியின் குடும்பம் கொல்கத்தாவில் வேர்விட்டதும் அந்த மார்க்கெட்டை நம்பித்தான். நான் அந்தப் பக்கம் போகவில்லை. மேற்கே சதானந்தா ரோட்டுக்குள் நுழைந்து, இரண்டு சந்து தள்ளி, வீட்டு வாசலில் நின்றேன்.

வாசலில் திண்ணை. வங்காளிகள் 'ரோக்' என்கிறார்கள். அகலம் நம் திண்ணையில் பாதிதான். ஆனால் பேப்பர் படிக்கவும் அரசியல் பேசவும் அது போதும். உள்ளே கூடம் பதினெட்டு அடிக்குப் பன்னிரண்டு. தரை முழுக்க ரெட் ஆக்சைடு, சுவரோரமாக ஆறு அங்குலத்துக்குக் கறுப்புக் கரை. ஒரு பெரிய புடவையை விரித்துப் போட்டது போல இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்தேன். அதே குளிர்ச்சி.

"தரை முழுக்க ஓதம் ஏறிடுச்சு, உள்ளே பொத்துப் போச்சு" என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு மூலையிலிருந்து தட்ட ஆரம்பித்தேன். அடிக்கு ஒரு தட்டு. கெட்டியான இடத்தில் 'ணங்'கென்று கேட்கும், அடியில் பிடிப்பு விட்டிருந்தால் 'பொத்'தென்று அடங்கும். இருநூற்றுப் பதினாறு சதுர அடியையும் தட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. சித்தி காபியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். குளியலறைச் சுவரை ஒட்டிய மூலையில் மட்டும் மூன்றுக்கு நாலு அடி பொத்தல். மேலே வெடிப்பு, வெடிப்போரம் உப்புப் பூத்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கைவைத்துப் பார்த்தேன், தண்ணீர்க் குழாய் கசிகிறது. தரையில் குறை இல்லை, குழாயில்தான் குறை.

ஜன்னலுக்குப் போனேன். ஆறு ஜன்னல், ஒவ்வொன்றும் ஐந்தடிக்கு நாலடி, பச்சைப் பெயிண்ட். ஒரு ஜன்னலுக்கு இரண்டு கதவு. கதவுக்கு இருபத்திரண்டு சாய்வுப் பலகை, நடுவில் ஒரு குச்சி. குச்சியை ஏற்றினால் பலகைகள் எல்லாம் ஒன்றாகத் திறக்கும், இறக்கினால் மூடும். வெயிலும் மழையும் வெளியே நின்றுவிடும், காற்று மட்டும் உள்ளே வரும், தெருவில் போகிறவர் கண்ணுக்கு நாம் தெரிய மாட்டோம். வங்காளத்தில் இதற்குப் பெயர் 'கொர்கொரி'. மொத்தம் இருநூற்று அறுபத்து நாலு பலகையில் உடைந்ததும் காணாமல் போனதும் பதினேழு. மூன்று குச்சி கழன்றிருந்தது. பதினேழு பலகைக்காக ஆறு ஜன்னலையும் கழற்றிப் போடுவதா?

காண்ட்ராக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைச் சித்தி காட்டினாள். தரையை உடைத்து டைல்ஸ் பதிக்கச் சதுர அடிக்கு 180 ரூபாய், கூடத்துக்கு 38,880. அலுமினிய ஜன்னல் சதுர அடிக்கு 450 வீதம் ஆறுக்கும் 54,000. இரண்டும் சேர்த்து 92,880. குழாய்க் கசிவைப் பற்றிச் சீட்டில் ஒரு வரிகூட இல்லை.

ஒன்பதரைக்கு ஆசாரியைத் தேடிக் கிளம்பினேன். முதலில் கேட்ட ஹார்டுவேர் கடைக்காரர் தலையாட்டினார், இப்போது யாரும் இல்லை என்று. இரண்டாவது கடையிலும் அதே பதில். டீக்கடையில் மண்குவளையில் பத்து ரூபாய்க்கு டீ வாங்கிக் குடித்துக்கொண்டே கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிக்‌ஷாக்காரர், காளிகாட் பாலத்துப் பக்கம் போய்ப் பாருங்கள் என்றார். பாலத்துக்கு அடியில் ஓடுவது ஆதி கங்கை. ஒரு காலத்தில் ஹூக்ளியே இந்த வழியாகத்தான் போனது. 1770களில் வில்லியம் டாலி என்ற ராணுவ அதிகாரி தூர்வாரியதால் 'டாலி நாலா' என்றும் பெயர். இன்று பார்க்க மனசு கேட்கவில்லை, தண்ணீர் கன்னங்கரேலென்று கிடக்கிறது.

பாலத்துக்கு நூறு அடி முன்னால், எட்டுக்கு ஆறு அடியில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் சாய்த்து வைத்திருந்தது சாட்சாத் பச்சை ஜன்னல் கதவு! உள்ளே இருந்த ஆசாரிக்கு அறுபது வயது இருக்கும். எனக்குத் தெரிந்த இந்தியிலும் பாதி வங்காளியிலும் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் மரச்சீவல் குவியலுக்குள் கைவிட்டு ஒரு பலகையை எடுத்துக் காட்டினார். கனம் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. இரண்டு முனையிலும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு முளை. அந்த முளைதான் சட்டத்தில் உள்ள துளையில் உட்கார்ந்து திரும்புகிறது. பலகையின் பெயர் 'பாக்கி'. நம் கடன் பாக்கி இல்லை, வங்காளியில் பறவை. திறக்கும்போது வரிசையாக மேலெழும்புவதைப் பார்த்தால் அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

என் எதிரிலேயே ஒன்றைச் செய்தார். பழைய கதவு ஒன்றிலிருந்து அறுத்த தேக்குத் துண்டு, இழைப்புளியால் இரண்டு பக்கமும் இழைப்பு, விளிம்பை லேசாக உருட்டல், முனையில் உளியால் முளை. பன்னிரண்டு நிமிடம். ஒரு பலகைக்குத் தொண்ணூறு ரூபாய், வீட்டுக்கு வந்து மாட்டித் தரும் கூலியும் அதற்குள். பதினேழுக்கு 1,530. குச்சி மூன்றையும் சேர்த்து 2,000 கொடுங்கள் என்றார். பழைய தேக்கு எங்கே கிடைக்கிறது என்று கேட்டேன். இடிக்கிற வீடுகளிலிருந்துதான் என்றார், தலையை நிமிர்த்தாமல்.

அது எனக்கு உறைத்தது. வாடகை வருமானம் போதாமல், பாகப்பிரிவினை முடியாமல், தெற்குக் கொல்கத்தாவின் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளுக்கு வழிவிட்டுக்கொண்டிருக்கின்றன. எழுத்தாளர் அமித் சவுத்ரி 2015-இல் இந்த வீடுகளைக் காக்க ஓர் இயக்கமே தொடங்கினார். அவர் பேசியது அரண்மனைகளைப் பற்றி அல்ல. சிவப்புத் தரை, பச்சைச் சாய்வுப் பலகை ஜன்னல், ரோக் இவையெல்லாம் உள்ள நடுத்தரக் குடும்பத்து வீடுகளைப் பற்றி. பெயர் பெற்ற மாளிகை என்றால் சட்டம் காப்பாற்றும். சித்தி வீடு மாதிரி வீடுகளை உள்ளே இருப்பவர்கள்தான் காப்பாற்றியாக வேண்டும்.

கொத்தனாரை அந்த ஆசாரியே காட்டிக்கொடுத்தார். மூன்று சந்து தள்ளி ஒரு வீட்டில் சிவப்புத் தரை வேலை நடந்துகொண்டிருந்தது. ஓர் அறையில் தரை போட்டு நாலு நாளாகியிருந்தது. சுற்றிலும் மண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். அடுத்த அறையில் அன்றைக்குத்தான் மேல்பூச்சு. பத்துப் பங்கு சிமெண்ட்டுக்கு ஒரு பங்கு ரெட் ஆக்சைடு, தண்ணீர் படாமல் உலர்வாகவே பல முறை சலித்துக் கலந்துவைத்திருந்தார். கையில் அள்ளிப் பார்த்தேன், குங்குமம் மாதிரி ஒரே சீராக இருந்தது. ஒரு பிடி கூடக்குறைய விழுந்தாலும் காய்ந்த பிறகு திட்டுத் திட்டாகத் தெரிந்துவிடுமாம். கீழ்ப்பூச்சு ஈரம் காயும் முன்பே இதைப் பரப்ப வேண்டும். ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும். குந்தி உட்கார்ந்தபடி பின்னால் நகர்ந்து நகர்ந்து கரண்டியால் அழுத்தித் தேய்த்தார். மங்கியிருந்த சிவப்பு, தேய்க்கத் தேய்க்க ஈரப் பளபளப்பாக மாறியது. பத்து நாள் போனதும் சாணைக்கல்லால் தேய்த்து மெழுகு போடுவார்கள். எங்கள் ஊரில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்போம் என்றேன், சிரித்தார்.

சித்தி வீட்டு மூலையைச் சொன்னேன். குழாயைச் சரிசெய்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு கூப்பிடுங்கள், பன்னிரண்டு அடிக்கு 4,000 ரூபாய் என்றார். பழைய நிறத்தோடு சேருமா என்று கேட்டேன். சேராது, ஒட்டுப் போட்டது தெரியத்தான் செய்யும், ஐம்பது வருஷம் கால் பட்ட சிவப்பை ஒரே நாளில் கொண்டுவர என்னால் முடியாது என்றார். மழுப்பாமல் இப்படிச் சொன்ன பிறகுதான் அவர் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

மதியம் பன்னிரண்டு தாண்டியிருந்தது. காளி கோயில் தெருவுக்கு நடந்தேன். இப்போதுள்ள கோயில் 1809-இல் கட்டப்பட்டது. தலைக்கு மேலே, 2025 ஏப்ரலில் திறந்த புதிய ஆகாயநடைபாதை நானூறு மீட்டருக்கு மேல் போகிறது. பக்தர்கள் அதில் ஏறிப் போகிறார்கள். நான் கீழேயே நின்றேன், கடைகள் அங்கேதான் இருந்தன. வெண்சங்கு வளையல், செம்பருத்தி மாலை, பித்தளை விளக்கு எல்லாவற்றையும் தாண்டிப் போனால் சமையல் சாமான் கடை. கல் தட்டு, இரும்புக் கரண்டி, பூரிக்கட்டை, அரிவாள்மனை. ஆமாம், நம் அரிவாள்மனையேதான். வங்காளிகள் 'போன்ட்டி' என்கிறார்கள். நுனியில் தேங்காய்த் துருவி உள்ளதும் உண்டு. காய்க்கு ஒன்று, மீனுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்வது இவர்கள் வழக்கம். சென்னையில் என் வீட்டில் அரிவாள்மனை பரணில் ஏறிப் பதினைந்து வருஷம் ஆகிறது. இங்கே நான் நின்ற இருபது நிமிடத்தில் மூன்று போன்ட்டி விற்றது. நடுத்தர அளவு 350 ரூபாய். வாங்கியவர்களில் ஒரு பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நகத்தால் விளிம்பைத் தடவிப் பார்த்துத்தான் வாங்கினாள்.

இந்த போன்ட்டி படத்திலும் ஏறியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கோயிலைச் சுற்றிக் குடியிருந்த பட்டுவா ஓவியர்கள், யாத்திரிகர்கள் ஊருக்கு எடுத்துப்போக மலிவாகப் படம் வரைந்து விற்றார்கள். காளிகாட் படங்கள் என்று உலகம் கொண்டாடுவது அவற்றைத்தான். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பெரிய தொகுப்பு இருக்கிறது. 1873-இல் தாரகேஸ்வரம் பக்கத்தில் நபின் என்பவன் மனைவி எலோகேஷியை மீன் வெட்டும் போன்ட்டியால் கொன்ற வழக்கு வங்காளத்தையே உலுக்கியது. அதையும் வரைந்தார்கள், அவன் கையில் போன்ட்டியோடு. பிறகு அச்சடித்த படங்கள் இன்னும் மலிவாக வந்து குவிந்தன, கை ஓவியம் நின்றுபோனது. அந்த ஓவியர்கள் குடியிருந்த பட்டுவாபாராவுக்குள் போய்ப் பார்த்தேன். வைக்கோல் கட்டிய சட்டங்களும் பாதி மண் பூசிய சாமி உருவங்களும் சந்தை அடைத்து நின்றன. படம் வரைபவர் ஒருவரும் என் கண்ணில் படவில்லை.

மூன்று மணிக்கு வீடு திரும்பிச் சாப்பிட்டுக் கை கழுவும்போது சந்தில் ஒரு குரல் கேட்டது. "ஷில் காட்டா...வோ!" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இழுப்பு, "அம்மி கொத்தலையோ அம்மி" என்று எங்கள் தெருவில் கேட்ட அதே இழுப்பு. சித்தி ஜன்னல் பலகையைத் தூக்கிக் குரல் கொடுத்தாள்.

வந்தவர் தோளில் ஒரு கோணிப்பை, அதில் இரண்டு சிற்றுளி, ஒரு சுத்தி, அவ்வளவுதான். பின்கட்டிலிருந்து நாங்கள் அம்மியை உருட்டிக்கொண்டு வந்தோம். 1981-இல் சித்தி கல்யாணமாகி வந்தபோது, தாத்தா கோரமண்டல் எக்ஸ்பிரஸில் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்த கும்பகோணத்து அம்மி. வங்காளிகளின் 'ஷில்' தட்டையான கல், தலைப்பக்கம் கூம்பியிருக்கும், அங்கே ஒரு மீனைக் கொத்தி வைப்பார்கள். அவர்களுக்கு மீன் மங்கலம். முதல் தடவை கொத்த வந்தவர் இதிலும் மீன் போடப் போனாராம். "எங்காத்து அம்மியில மீன் வேண்டாம்ப்பான்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுத் தாமரை போட்டுக் கொடுத்தான்" என்றாள் சித்தி. குனிந்து பார்த்தேன். தலைப்பக்கம் எட்டு இதழ்த் தாமரை, தேய்ந்து தேய்ந்து மங்கலாக.

அவர் முழங்காலால் அம்மியை அணைத்துக்கொண்டு கொத்தினார். உளி ஓர் அரிசி அகலம் நகரும், சுத்தி ஒரு தட்டு, கல்துகள் தெறிக்கும். வரிசை பிசகாமல் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்தது. கண்ணுக்குப் பாதுகாப்பு ஒன்றும் இல்லை, இமையைச் சுருக்கிக்கொள்வதோடு சரி. இருபத்தைந்து நிமிடம், 120 ரூபாய். கடைசியில் கேட்காமலே தாமரையின் எட்டு இதழையும் மறுபடி எடுத்துக் கொடுத்தார். மிக்ஸி இருக்கிற வீட்டில்தான் இதெல்லாம். துவையலை மட்டும் சித்தி அம்மியில்தான் அரைக்கிறாள்.

சாயங்காலம் ஒரு காகிதத்தில் கணக்கு எழுதினேன். ஜன்னலுக்கு 2,000, தரைக்கு 4,000. குழாய் வேலையும் பெயிண்ட்டும் தனி. எப்படிப் பார்த்தாலும் 92,880-க்குப் பக்கத்தில் வராது. சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். பிறகு காண்ட்ராக்டருக்குப் போன் செய்து, டைல்ஸ் வேண்டாம், ஜன்னலும் வேண்டாம், வேறு ஏற்பாடு செய்துகொண்டோம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திருச்சியிலோ தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ வீட்டுச் சிவப்புத் தரையை உடைக்க நாள் குறித்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆள் வருவதற்கு முதல் நாள், ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துத் தரை முழுக்கத் தட்டிப் பாருங்கள். முக்கால் மணி நேரம்தான் ஆகும்.