ஆயர் ஈத்தாம் வழியே: மங்கும் மூங்கிலும்

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை வருவதற்கு முன் கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் பேருந்தில் போனவர்களைக் கேளுங்கள். ஆயர் ஈத்தாம் என்றதும் அவித்த சோளத்தின் மணம் சொல்வார்கள். பத்து பகாட் – குளுவாங் சாலை பழைய கூட்டரசுச் சாலையைக் குறுக்கே கடக்கும் ஊர் இது. பெயருக்குக் 'கறுப்புத் தண்ணீர்' என்று பொருள். கடை வாசல்களில் ஆளுயரப் பூச்சாடிகள் வரிசையாக நிற்கும். 1994இல் நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்ததும் வாகனங்கள் விலகிப் போய்விட்டன. சாடிகள் மட்டும் இன்னும் நிற்கின்றன.

போன பள்ளி விடுமுறையில் அப்பாவையும் என் பத்து வயது மகனையும் அழைத்துக்கொண்டு குளுவாங் பக்கம் தூண்டில் போடக் கிளம்பினேன். காரின் பின்புறம் கடையில் வாங்கிய இரண்டு கார்பன் தூண்டில் கம்புகள். "மாச்சாப் வழியா போப்பா, சூளையைப் பார்ப்போம்" என்றார் அப்பா.

மாச்சாப்பில் ஆவ் எங் குவாங் என்ற சீனக் குயவர் 1940களில் தொடங்கிய மண்பாண்டத் தொழில் அவர் பிள்ளைகள் கைக்கு வந்து குடும்பத் தொழிலாகவே நிலைத்தது. அங்கிருப்பது 'டிராகன் சூளை'. சரிவில் படுத்திருக்கும் நீண்ட செங்கல் குகை போன்றது. அடிவாயில் தீ மூட்டுவார்கள். அனல் தானே மேலேறும். பக்கத் துளைகள் வழியாக விறகைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். உள்ளே 1,200 டிகிரிக்கும் மேல் சூடு. சீனாவின் குவாங்டோங் மாநிலத்துத் தியோசியூ குயவர்கள் இந்த வட்டாரத்துக்குக் கொண்டுவந்த முறை இது.

அந்தக் காலத்தில் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இப்படிப்பட்ட சூளைகளுக்குச் சோறு போட்டதில் பூச்சாடியைவிட மங்குக்குப் பங்கு அதிகம். ஆமாம், பால்மரத்தில் கட்டியிருக்கும் அதே மங்குதான். சீனக் குயவர் சுட்டார், நம் பாட்டிமார் அதில் பால் எடுத்தார்கள். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். பழைய மங்கு ஒன்றைக் கையில் எடுத்த அப்பா, கட்டைவிரலால் அதன் உட்புறத்தை ஒரு சுற்றுத் துடைத்தார். பள்ளிக்கூடம் போவதற்கு முன் மங்கு துடைத்த விரல் அது. பிறகு பிளாஸ்டிக் மங்கு வந்தது. கித்தா நிரைகளே போய்ச் செம்பனை வந்தது. குயவர்கள் பூச்சாடிக்கும் அலங்காரப் பொருளுக்கும் மாறிக்கொண்டார்கள். நாங்கள் நகரத்துக்கு மாறிக்கொண்டோம்.

மீன் பிடிப்பவர்களுக்கு அந்தக் குவாங்டோங் மாநிலத்தின் பெயர் இன்னொரு வகையிலும் தெரிந்திருக்கலாம். இறகும் நூலும் கட்டிய பொய் ஈயை நீரின்மேல் வீசி டிரவுட் மீனை ஏமாற்றும் 'ஃபிளை ஃபிஷிங்' கம்புகளுக்கு உலகத்திலேயே சிறந்த மூங்கில் அங்கே ஹுவாய்ஜி பகுதியில்தான் விளைகிறது. மூங்கிலைப் பிளந்து, ஆறு முக்கோணச் சிம்புகளாகச் சீவி, அறுகோணமாக ஒட்டிக் கம்பு செய்வார்கள். சீவுவதில் மயிரிழை பிசகினாலும் கம்பு வளைவில் காட்டிக்கொடுத்துவிடும். இங்கிலாந்தின் ஆல்ன்விக்கில் 1872இல் தொழில் தொடங்கிய ஹார்டி சகோதரர்கள் இதில் பெயர் பெற்றார்கள். அமெரிக்காவில் எட்வர்ட் பெய்னிடமிருந்து அவர் மகன் ஜிம் பெய்ன் கற்றுக்கொண்டார். 1950இல் அமெரிக்கா சீன இறக்குமதிக்குத் தடை விதித்தது. மூங்கில் வரத்து நின்று, கண்ணாடி இழைக் கம்புகள் இடம் பிடித்தன. அடுத்து கார்பன். மங்குக்கு நேர்ந்த கதைதான்.

என் தாத்தாவுக்கு ஹார்டியைத் தெரியாது. ஆனால் லயத்துக்குப் பின்னால் இருந்த மூங்கிலில் எது முற்றியது என்று தெரியும். வெட்டி, கணு சீவி, நெருப்பு அனலில் காட்டிக் கோணலை எடுப்பாராம். பிறகு நுனியில் கல்லைக் கட்டி மரத்தில் தொங்கவிடுவார். கடைசியாக அடுப்புப் புகையில் சில வாரம். புகை படாத மூங்கிலை வண்டு தின்றுவிடும். அப்பா கூடவே இருந்து கற்றார்.

நான் கற்கவில்லை. அவரும் சொல்லித்தரவில்லை. "படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு?" என்பார். உண்மையில் நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று குளத்தில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு கெளுத்தி. திரும்பும் வழியில் ஓரிடத்தில் காரை நிறுத்தச் சொன்னார் அப்பா. சாலையோரம் ஒரு மூங்கில் புதர். பேரன் கையைப் பிடித்து இறங்கிப் போய், ஒரு கழியை விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இளசு. இன்னும் ரெண்டு வருஷமாவது போகணும்."

அப்பாவுக்கு இப்போது 74.

மகன் என் கைப்பேசியை வாங்கி, அந்த இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்டான்.