பழைய பாஸ்போர்ட்

மித்தி ஆற்றுக்கு இந்தப் பக்கம் தாராவி. அந்தப் பக்கம் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ், மும்பைக்காரர் வாயில் பி.கே.சி. பிரீச் கேண்டியில் கடல் பார்த்து நின்ற அமெரிக்கத் துணைத் தூதரகம் 2011 நவம்பரில் இங்கே குடிவந்தது. பாஸ்போர்ட் அலுவலகம் இருக்கும் விதேஷ் பவனும் இங்கேதான். வெளியே போகச் சீட்டு தரும் கட்டடமும், உள்ளே விடலாமா என்று யோசிக்கும் கட்டடமும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன.

தூதரக வாசலில் காலையிலேயே வரிசை நிற்கும். மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வரும் மாமா மாமிகளை அதில் சுலபமாக அடையாளம் காணலாம். மாமா கையில் தடித்த ஃபைல்: பேங்க் ஸ்டேட்மெண்ட், ஃபிளாட் பத்திரம், பெண்ணின் கல்யாண போட்டோ, எதற்கும் இருக்கட்டும் என்று பென்ஷன் புத்தகம். போன் உள்ளே போகாது. அதை எங்கே விட்டுவிட்டு வருவது என்று ஒரு கவலை. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அங்கே குளிரான்னு அவன்கிட்ட விசாரிக்காதே" என்பார் மாமா. "விசாரிச்சா என்ன, வாயா தேஞ்சுடும்?" என்பார் மாமி. உள்ளே இரண்டு மூன்று கேள்விகளில் எல்லாம் முடிந்துவிடும். ஃபைலை யாரும் திறந்துகூடப் பார்க்காமல் போவதும் உண்டு.

இவ்வளவு பதற்றத்துக்கும் காரணம் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு. சுற்றுலா விசா கேட்டு வருகிறவர் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று வைத்துக்கொண்டு அது பேச்சை ஆரம்பிக்கிறது. இல்லை என்று நிரூபிப்பது மாமியின் பொறுப்பு. சிங்கப்பூர்க்காரருக்கும் ஜப்பான்காரருக்கும் இந்தச் சங்கடம் இல்லை. இணையத்தில் ஒரு முன் அனுமதி வாங்கிக்கொண்டு விமானம் ஏறினால் 90 நாள் இருந்துவிட்டு வரலாம். அந்தச் சலுகைப் பட்டியலில் ஒரு நாடு சேர வேண்டுமானால், அந்த நாட்டவரின் விசா விண்ணப்பங்களில் நிராகரிக்கப்படுபவை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும். விசா அதிகம் மறுக்கப்படும் நாட்டுக்கு விசா விலக்கு கிடையாது. பணக்காரனுக்குத்தான் பேங்க் கடன் கொடுக்கும் என்பது போன்ற நியாயம்.

ஆண்டுதோறும் பாஸ்போர்ட்களுக்கு ரேங்க் போட்டு ஒரு பட்டியல் வருகிறது. 2025இல் சிங்கப்பூர் முதலிடம். அந்தப் புத்தகம் இருந்தால் முன்கூட்டியே விசா வாங்காமல் 193 இடங்களுக்குப் போக முடிந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அறுபதுக்கும் குறைவு. பட்டியலைப் போடும் ஹென்லி அண்ட் பார்ட்னர்ஸ் நிறுவனத்தின் தொழில், வசதி உள்ளவர்கள் முதலீடு செய்து வேறு நாட்டின் குடியுரிமையோ குடியிருப்பு உரிமையோ பெற வழிசெய்வது என்பதையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

மாமியின் பேரன் பிறந்ததே அமெரிக்காவில். அவனுடைய நீலப் பாஸ்போர்ட்டுக்குப் பாதி உலகம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. செம்பூரில் பாட்டி வீட்டுக்கு வர மட்டும் அது போதாது, விசாவோ வெளிநாட்டு இந்தியருக்கான ஓ.சி.ஐ. அட்டையோ வேண்டும்.

நாட்டை விட்டுப் போவது அரசாங்கம் போடும் பிச்சை அல்ல, குடிமகனின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1967 ஏப்ரல் 10ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர் சத்வந்த் சிங் சாஹ்னி என்ற வியாபாரி. எதிர்த்தரப்பில் உதவிப் பாஸ்போர்ட் அதிகாரி டி. ராமரத்தினம். அதுவரை பாஸ்போர்ட் தருவதும் தராததும் அதிகாரியின் விருப்பம். ஐந்து நீதிபதிகளில் மூவர் சாஹ்னி பக்கம் நின்றார்கள். அதே ஆண்டு ஜூனில் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. ஆனால் எந்த நீதிமன்றமும் புறப்படும் உரிமையைத்தான் தர முடியும். போய்ச் சேரும் உரிமை எதிர்க்கரையில் இருப்பவர் கையில்.

புறப்படும் உரிமையிலும் எல்லோரும் சமமில்லை. தாராவியில் பத்தாவது தேறாத ஒரு திருநெல்வேலிப் பையன் பாஸ்போர்ட் எடுத்தால் அதில் பெரும்பாலும் ஈ.சி.ஆர். (குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை) என்று விழும். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவன் வேலைக்குப் போக வேண்டுமானால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஏமாற்று ஏஜெண்டுகளிடமிருந்து காப்பாற்றத்தான் 1983ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கொண்டுவந்தது. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2018 ஜனவரியில் இவர்களுக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டை போடலாம் என்று யோசித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது, அந்த மாதம் முடிவதற்குள் கைவிட்டார்கள்.

இதே மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு 30 நாள் வரை விசா கேட்பதில்லை. செம்பூர் செட்டா நகர் முருகனுக்கு 108 படி ஏறுகிறவர் டிக்கெட் எடுத்து, இணையத்தில் வருகை அட்டையை நிரப்பிவிட்டால் பத்து மலையில் 272 படி ஏறிவிட்டு வரலாம்.

எந்த விசாவானாலும் முதல் சோதனை போட்டோ ஸ்டுடியோவில்தான். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 35-க்கு 45 மில்லிமீட்டர்; அமெரிக்காவுக்கு இரண்டு அங்குலச் சதுரம். கண்ணாடியைக் கழற்று, பல்லைக் காட்டாதே, காதை மறைக்கும் முடியை ஒதுக்கு. ஸ்டுடியோக்காரர் மோவாயைத் தொட்டு முகத்தை நிமிர்த்திவிட்டுப் பின்னால் நகர்ந்து ஃபிளாஷ் அடிப்பார். மனிதனின் முகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் துடைத்துவிட்டு எடுக்கும் படம் அது. அதை யாரும் வீட்டில் சட்டம் போட்டு மாட்டுவதில்லை.

ஒரே ஒரு படம் விதிவிலக்கு.

1914 மார்ச் 17 அன்று கணித மேதை சீனிவாச ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் நெவாசா கப்பலில் ஏறினார். லண்டன் போய்ச் சேர அன்றைக்கு இந்தியருக்குப் பாஸ்போர்ட் கட்டாயமில்லை. ஆகஸ்டில் பிரிட்டன் போரில் இறங்கியது. ஒற்றர் பயத்தில் பல நாடுகள் தாள் கேட்கத் தொடங்கின. ராமானுஜன் ஊர் திரும்பும்போது அவரும் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்தது. அதற்காகப் படம் எடுத்துக்கொண்ட நேரத்தில் அவர் ராயல் சொசைட்டி ஃபெலோ, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி ஃபெலோ. உடம்போ மருத்துவமனைகளில் அலைந்து இளைத்திருந்தது. 1919 மார்ச் 27 அன்று பம்பாயில் கரையிறங்கினார். தாயாரும் தம்பியும் வந்திருந்தார்கள். மனைவி ஜானகி வரவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், சென்னையில் இறந்துபோனார்.

போர் முடிந்தும் பாஸ்போர்ட் போகவில்லை. 1920இல் பாரீஸில் ஒரு மாநாடு கூடி, ஒருநாள் இது ஒழியும் என்ற நம்பிக்கையோடு, அதுவரை எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி 32 பக்கப் புத்தகம் இருக்கட்டும் என்றது. அந்த ‘அதுவரை’ இன்னும் முடிந்தபாடில்லை.

ஜானகி சில காலம் பம்பாயில் சகோதரர் வீட்டில் இருந்து தையல் கற்றார். பிறகு சென்னை திரும்பித் திருவல்லிக்கேணியில் தைத்துப் பிழைத்தார். 1936இல் இயற்பியலாளர் எஸ். சந்திரசேகர் இந்தியா வந்தபோது, ராமானுஜனின் படம் ஒன்று தேடித் தரும்படி கணித மேதை ஹார்டி கேட்டிருந்தார். சந்திரசேகர் விசாரித்துக்கொண்டு போய் ஜானகியைக் கண்டுபிடித்தார். எளிய வாழ்க்கை, நல்ல படம் எதுவும் கையில் இல்லை. இருந்தது அந்தப் பாஸ்போர்ட். பதினேழு வருடம் கழித்தும் பிரதி எடுக்கும் அளவுக்கு அதில் முகம் தெளிவாக இருந்தது. ஹார்டி அதைப் பார்த்துவிட்டு, நோயாளி என்பது தெரிகிறது, மேதை என்பதும் முழுக்கத் தெரிகிறது என்ற பொருளில் சொன்னார். 1940இல் வந்த தம் ராமானுஜன் சொற்பொழிவு நூலில் அதைச் சேர்த்தார். 1962இன் தபால்தலையில் இருப்பது அந்த முகம். கணவருக்கு வைப்பதாக வாக்களித்த சிலை எங்கே என்று முதுமையில் ஜானகி ஒரு பத்திரிகைப் பேட்டியில் கேட்டதைப் படித்து, ரிச்சர்ட் அஸ்கி முதலான கணித அறிஞர்கள் பணம் திரட்டினார்கள். அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்ட் வெண்கலத்தில் மார்பளவுச் சிலை செய்ததும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

எத்தனை நாட்டுக்குச் செல்லும் என்று கணக்குப் பார்த்தால் அதைவிட நோஞ்சான் பாஸ்போர்ட் இருக்க முடியாது. ஒரு நோயாளி ஒரு முறை வீடு திரும்பப் பயன்பட்டது, அவ்வளவுதான்.

புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போது பழையதை ரத்து செய்து உங்களிடமே திருப்பித் தருவார்கள். கழித்துப் போட்டுவிடாதீர்கள். காலாவதியாகாத அமெரிக்க விசா அதில் ஒட்டியிருந்தால் புதியதோடு சேர்த்துக் காட்டலாம், செல்லும். விசா இல்லாவிட்டாலும் பீரோவில் ஓர் ஓரமாகக் கிடக்கட்டும்.