அம்மா போட்டோவும் அஞ்சு வகை வெளிச்சமும்

ஒரு கலர் போட்டோவைக் கருப்பு வெள்ளையாக மாற்றுவதில் என்ன பெரிய கஷ்டம்? ஒரு பட்டனை அமுக்கினால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. நடுவில் அப்பாவிடம் திட்டும் வாங்கியாயிற்று.

அம்மா போய் வருஷம் திரும்பப் போகிறது. ஊரில் கூடத்துச் சுவரில் தாத்தா, பாட்டி படங்கள் கருப்பு வெள்ளையில் மாட்டியிருக்கின்றன. "உங்கம்மா படத்தையும் அதே மாதிரி பண்ணிக் குடுப்பா, வரிசையா மாட்டிடலாம்" என்றார் அப்பா. இருப்பதில் நல்ல படம் தங்கச்சி கல்யாணத்தில் எடுத்தது. சிவப்புப் பட்டு, கரும்பச்சைக் கரை. ஓரமெல்லாம் பூத்துப் போயிருந்தாலும் அம்மா முகம் மட்டும் தெளிவு. தங்கச்சி ஸ்கேன் செய்து அனுப்பினாள்.

கிம்ப் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்தேன். நிறத்தை நீக்கும் 'டீசாச்சுரேட்' மெனுவுக்குப் போனால் அது என்னையே கேள்வி கேட்கிறது. லூமினன்ஸா, லூமாவா, லைட்னெஸ்ஸா, ஆவரேஜா, வேல்யூவா? ஙே என்று விழித்தேன். எல்லாம் வெளிச்சம்தானே, இதில் என்ன அஞ்சு வகை?

இங்கே ஒரு சின்னக் கொசுவத்தி. எங்கள் ஊர் குடுபல்லி, சித்தூர் மாவட்டம். ஜோலார்பேட்டையிலிருந்து பங்காருப்பேட்டை போகிற லைனில் குப்பத்துக்கு அடுத்த ஸ்டேஷன். ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகா மூன்றும் கை கோர்க்கிற மூலை. வீட்டில் தமிழில் வெளிச்சம், பள்ளிக்கூடத்தில் தெலுங்கில் வெலுகு, சந்தைக்கு வரும் கன்னடக்காரருக்கு பெளகு. ஒரு பொருளுக்கு மூன்று பெயர் என்பது எங்களுக்குப் பழகிய விஷயம். இந்த அஞ்சு பெயரும் அப்படித்தான் இருக்கும், எதைத் தொட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்தது என் தப்பு.

ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்ததில் 'வேல்யூ' பளிச்சென்று இருந்தது. அம்மா முகம் நன்றாக வெளுத்துத் தெரிந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சித்தி உடனே, "அக்கா எவ்ளோ கலரா இருக்காங்க பாருங்க!" என்றார். ஏழெட்டு இதயங்கள் வந்து விழுந்தன. ராத்திரி அப்பா கூப்பிட்டார்.

"ஏம்பா, இது யாரு?"

"என்னப்பா, அம்மாதான்."

"உங்கம்மா கருப்புடா. அது போகட்டும். நான் உசுரோட குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், அவளுக்கு எதுக்கு வெள்ளப் பொடவை கட்டி வெச்சிருக்க?"

படத்தை மறுபடி பார்த்தேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் புடவையைக் கவனிக்கவே இல்லை. சிவப்புப் பட்டு வெளிறிப்போய் வெள்ளைச் சேலை மாதிரி இருந்தது. சுமங்கலியாகப் போனவர் அம்மா. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பி.காம். படித்தவனுக்குக் கடைசியில் கைகொடுப்பது கால்குலேட்டர்தானே. படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு, 0 முதல் 255 வரை. படத்தில் மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டேன்: அம்மாவின் கன்னம் 150, 100, 70. புடவை உடல் 200, 30, 40. கரை 20, 88, 40. கருப்பு வெள்ளை ஆக்குவது என்றால் இந்த மூன்று எண்ணையும் ஒரே எண்ணாகச் சுருக்குவது. எப்படிச் சுருக்குவது என்பதில்தான் அஞ்சு பெயரும் பிரிகின்றன.

'வேல்யூ' மூன்றில் பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறது. புடவை 200, கன்னம் 150. புடவை வெளுத்த மர்மம் இதுதான். நம் மாநிறத் தோலிலும் சிவப்பு எண்தான் பெரியது என்பதால் முகமும் சேர்ந்து வெளுக்கிறது. போட்டோஷாப்பில் நிறம் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் 'பிரைட்னஸ்' என்று போட்டிருப்பதும் இதே கணக்குதான். அங்கே சுத்த மஞ்சளுக்கும் பிரைட்னஸ் 100, சுத்த நீலத்துக்கும் 100, வெள்ளைக்கும் 100!

'லைட்னெஸ்' பெரிய எண்ணையும் சிறிய எண்ணையும் கூட்டிப் பாதியாக்குகிறது: கன்னம் 110, புடவை 115. முகமும் புடவையும் ஒரே சாம்பலாகிவிடும். 'ஆவரேஜ்' மூன்றின் சராசரி: கன்னம் 107, புடவை 90.

'லூமா' கொஞ்சம் புத்திசாலி. நம் கண் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை, பச்சைப் பக்கம்தான் அதற்குக் கூர்மை அதிகம். மனிதக் கண்ணின் இந்த ஏற்ற இறக்கத்தை 1924-லேயே சர்வதேச அளவில் தரப்படுத்திவிட்டார்கள். அதை ஒட்டிப் பச்சைக்கு 72 சதவீதம், சிவப்புக்கு 22, நீலத்துக்கு 6 என்று பங்கு பிரிக்கிறது கிம்ப். எச்.டி. டிவியின் கணக்கும் கிட்டத்தட்ட இதுதான். அமெரிக்காவில் 1953-ல் வந்த கலர் டிவிக்கு 59, 30, 11 என்று வேறு பங்கு. எல்லாரிடமும் கருப்பு வெள்ளைப் பெட்டி இருந்த காலம், அதிலும் படம் ஒழுங்காகத் தெரிய வேண்டுமே.

'லூமினன்ஸ்' அதே பங்குதான். ஆனால் எண்களை முதலில் உண்மையான ஒளியின் அளவாக மாற்றிக்கொண்டு கூட்டும். 128 என்று போட்டிருந்தால் பாதி வெளிச்சம் என்று நினைப்போம். சாதாரண கம்ப்யூட்டர் படத்தில் அது வெள்ளையின் ஒளியில் சுமார் 22 சதவீதம்தான். கண்ணுக்கு மட்டும் பாதி மாதிரித் தெரியும். ஒளி பெருக்கலில் போனால் கண் அதைக் கூட்டலாக வாங்கிக்கொள்கிறது, கூட்டு வட்டி மாதிரி.

இந்தக் கூட்டு வட்டியை வானத்தில் கணக்குப் போட்ட ஒருவர் நம் சென்னையில் வேலை பார்த்திருக்கிறார். நார்மன் போக்சன். நட்சத்திரங்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஆறாம் தரம் வரை கண்ணால் பிரிக்கும் வழக்கம் வெகு காலமாக இருந்தது. அஞ்சு படி இறங்கினால் ஒளி நூறில் ஒன்று, அதாவது ஒரு படிக்குச் சுமார் 2.512 மடங்கு என்று அவர் 1856-ல் வகுத்தார். 1861-ல் மதராஸ் வானாய்வுக் கூடத்துக்கு வந்து, 1891-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். உலகம் இன்றும் நட்சத்திர வெளிச்சத்தை அவர் அளவுகோலில்தான் சொல்கிறது. கண்ணுக்குத் தோன்றுவதும் கருவி அளப்பதும் வேறு என்று தெரிந்து, இரண்டுக்கும் நடுவே கணக்கு எழுதி வைத்த மனுஷர்.

எங்கள் வங்கித் தொழிலிலும் இந்தத் தொல்லை உண்டு. "பேலன்ஸ் எவ்வளவு சார்?" என்பார்கள். லெட்ஜர் பேலன்ஸா, எடுக்கக்கூடிய பேலன்ஸா, மாதச் சராசரியா? மூன்றுமே சரியான எண்தான். எதற்காகக் கேட்கிறார் என்று தெரியாமல் ஒன்றைச் சொன்னால், பாஸாகாத செக்கை நம்பி அவர் பணம் எடுக்க வந்து நிற்பார். எங்கள் ஊரில் ஒரு பொருளுக்கு மூன்று பெயர். இங்கே 'வெளிச்சம்' என்ற ஒரே பெயருக்குள் அஞ்சு பொருள். முதல் வகையில் பேச்சு மட்டும்தான் மாறும். இரண்டாவதில் அம்மாவே மாறிவிடுகிறார்.

சரி, லூமாதான் நியாயம் என்று முடிவு செய்து அதையே அனுப்பினேன். கன்னம் 109, புடவை 68. முகம் அம்மா முகம். புடவையும் புடவை நிறத்தில் அடர்த்தியாக இருந்தது.

அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது அவதான்" என்றார். அப்புறம் மெதுவாக, "கரை எங்கப்பா?"

போச்சுடா! கணக்குப் போட்டேன். கரை 70, புடவை 68. சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எவ்வளவு வேறாகத் தெரிந்தாலும் வெளிச்சத்தில் ஒரே எடை. கரை புடவைக்குள் கரைந்துவிட்டது. மூன்று எண்ணை ஒன்றாகச் சுருக்கினால் ஏதாவது ஒன்று தொலையத்தான் செய்யும். எது தொலையலாம் என்பதை மெனு முடிவு செய்யாது, நாம்தான் செய்ய வேண்டும்.

காலேஜில் டிசைன் படிக்கும் மகளிடம் போட்டோஷாப் இருக்கிறது. "சேனல் மிக்ஸர்ல 'மோனோகுரோம்' டிக் பண்ணுங்கப்பா, பங்கை நீங்களே பிரிச்சுக்கலாம்" என்றாள். நாற்பது, நாற்பது, இருபது என்று வைத்தோம். கன்னம் 114, புடவை 100, கரை 51. கரை தனியாக விழுந்தது. முகம் லூமா சொன்ன 109-ஐ விட்டு அதிகம் விலகவில்லை. புடவை கொஞ்சம் வெளிறியதுதான், ஆனால் வெள்ளை என்று யாரும் சொல்ல முடியாது. "பாட்டியை இன்னும் கொஞ்சம் பிரைட் பண்ணட்டுமா?" என்றாள் மகள். பழக்க தோஷத்தில் சரி என்று சொல்ல வாய் வந்தது. வேண்டாம்மா என்றேன்.

நீங்களும் வீட்டுப் பழைய படங்களை மாற்றப் போகிறீர்கள் என்றால் ஒரே ஒரு வேண்டுகோள். ஸ்கேன் செய்த மூலப் படத்தைத் தொடாமல் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவில் கொடுத்தால், "நல்லா வெளிச்சமா போட்டுக் குடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். முகம் எப்படி இருக்கும், புடவை என்ன நிறம், எது தெரியாமல் போகக்கூடாது என்று சொல்லுங்கள். அந்த ஆளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் யாராவது வீட்டில் இருந்தால், அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் காட்டிவிடுங்கள்.

படம் பிரேம் போட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வீடியோவில் கூடத்துச் சுவரைக் காட்டினார். பாட்டிக்குப் பக்கத்தில் அம்மா. கை கொஞ்சம் நடுங்கியதால் படம் ஆடிக்கொண்டே இருந்தது.

"கரை தெரியுது" என்றார். அப்புறம் கரண்ட் போய்விட்டது என்று சொல்லி போனை வைத்துவிட்டார். பின்னால் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.