சிரியா என்றொரு கப்பல்

இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறையில், வில்லியம் பைல் என்பாரின் கப்பல் கட்டும் தளத்தில், 1868ஆம் ஆண்டு உருவானது 'சிரியா'. இரும்பு உடலும் பாய்மரமும் கொண்ட கப்பல். கொள்ளளவு 1010 டன். நீளம் 207 அடி. திருவரங்கத்து இராஜகோபுரத்தின் உயரமோ 236 அடி. கோபுரத்தைக் கிடத்திப் பார்த்தால் கப்பல் அதன் நீளத்துக்குள் அடங்கிவிடும். அந்த அளவுக்குள்தான் ஏறத்தாழ 500 பேரை இரண்டு மாதம் அடைத்துக்கொண்டு போனார்கள்.

உரிமையாளர் ஜேம்ஸ் நர்ஸ். அடிமை முறை சட்டப்படி ஒழிந்தபின் காலனிகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்று இறக்குவதே சிரியாவின் முதன்மையான தொழிலாயிற்று.

1884 மார்ச் 13 அன்று கல்கத்தாவிலிருந்து பிஜித் தீவுகளுக்குப் புறப்பட்ட கப்பல், மே 11 இரவில், கரையை நெருங்கிவிட்ட நிலையில், ரேவா ஆற்றுக் கழிமுகத்தை அடுத்த நாசிலாய்ப் பவளத்திட்டில் மோதி உடைந்தது. மடிந்தோர் 59 பேர். அவர்களுள் மூவர் இந்திய மாலுமிகள். மறுநாள் மீட்புப் பணிக்குத் தலைமையேற்ற மருத்துவர் வில்லியம் மெக்ரிகர் துணிவுக்கான ஆல்பர்ட் பதக்கம் பெற்றார். அவர் பெயர் வரலாற்றில் நின்றது. மாண்டவர்கள் ஓர் எண்ணாக நின்றார்கள்.

சென்னையிலிருந்து பிஜிக்கு ஆள் சேர்ப்பது 1903இல்தான் தொடங்கியது. ஆகவே சிரியாவில் சென்றவர்கள் நம் பக்கத்தவர் அல்லர் என்று கடந்துவிடலாம். ஆனால், கடல் கடந்த கதை திருச்சிக்குப் புதிதன்று. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியாட்களைத் திரட்டிய ஆணையம் இந்நகரிலிருந்துதான் இயங்கியது. எங்கள் குடும்பத்திலும் ஒருவர், கொள்ளுத்தாத்தாவின் தம்பி, அக்கரைச் சீமைக்குப் போனார். எந்தச் சீமை என்பது எவருக்கும் தெரியாது. கடிதம் வரவில்லை. இறந்த நாள் அறியாததால் திதியும் இல்லை. பெயரைச் சொன்னால் பாட்டி அழுவார் என்று சொல்லாமலே விட்டு, பெயரும் மறந்துபோயிற்று.

பிஜிக்குப் போன ஒவ்வொருவரின் குடியேற்றச் சீட்டிலும் பெயர், தகப்பன் பெயர், ஊர், உயரம், உடலிலுள்ள அடையாளம் வரை எழுதினார்கள். தொலைந்தால் தேடிப் பிடிப்பதற்காகவே எழுதியிருப்பார்கள். ஆயினும் இன்று பேரர்கள் பூர்வீகம் தேடி வருவது அச்சீட்டைக் கொண்டுதான். அன்பினால் நாங்கள் இழந்த பெயர், கணக்கு வைத்தவர்களின் ஏடு ஒன்றில் இன்னும் இருக்கக்கூடும்.

மகாளய அமாவாசையன்று அம்மாமண்டபப் படித்துறையில், உற்றார் எவருமற்றுப் போனவர்களுக்கென்று கடைசியில் ஒரு கை நீர் விடுவது வழக்கம். அந்த நீரில் எங்கள் வீட்டவருக்கும் பங்குண்டு. நாசிலாயில் மூழ்கியவர்களுக்கும் உண்டு.